வயிற்றுப் பிள்ளையோடு ஒருமுறை, கைக்குழந்தையோடு ஒருமுறை: ஐரோப்பா

ஐரோப்பா போக எந்த மாதம் நல்லது என்று கேட்டால் மே, செப்டம்பர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளுக்கு அந்தப் பதில் போதாது. அவள் பார்க்க வேண்டியது வாரக் கணக்கை. பிள்ளை பிறந்து அதையும் தூக்கிக்கொண்டு போகும்போது வாரக் கணக்கு போய் மணிக் கணக்கு வந்துவிடும்: பால் கொடுக்கும் மணி, தூங்கும் மணி. இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு அதற்குள் அடங்குகிற ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் பயணம் இனிக்கும். ஊர்ப் பட்டியலை முதலில் எழுதிவிட்டுப் பிள்ளையை அதற்குள் திணிக்கப் பார்த்தால் மூன்றாம் நாளே எல்லாரும் களைத்துவிடுவார்கள்.

முதலில் வயிற்றுப் பிள்ளைக் காலம். 14 முதல் 28 வாரம் வரை பயணத்துக்கு ஏற்றது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அதிலும் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், அதன் முடிவு கைக்கு வந்த பிறகு கிளம்புவது நல்லது. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருக்கிறதா, கருப்பை வாய் குட்டையாகிறதா என்பதெல்லாம் அந்த ஸ்கேனில்தான் தெரியவரும். இரண்டில் ஒன்று இருந்தாலும் டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொல்லக்கூடும். டிக்கெட் எடுக்கும்போதே, தேதி மாற்றவும் பணம் திரும்பப் பெறவும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விமான நிறுவனங்களின் விதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்பார்கள். ஒற்றைப் பிள்ளையென்றால் 36 வாரம், இரட்டை என்றால் 32 வாரம் வரை ஏற்றுவார்கள்; ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடும் நிறுவனங்களும் உண்டு. பலர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கணக்கு போகும் தேதிக்கு மட்டுமில்லை, திரும்பும் தேதிக்கும் உண்டு. 27 வாரத்தில் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால் கடிதம் இல்லாமல் ஏற முடியாது. இரண்டு, ‘28 வாரம் முடிந்த பின்’ என்பதும் ‘28வது வாரம் முதல்’ என்பதும் ஒன்றில்லை. 28வது வாரம் என்பது 27 வாரம் முடிந்த மறுநாளே தொடங்கிவிடும். இந்த ஏழு நாள் வித்தியாசத்துக்காக வாசலில் நிறுத்தப்படுவது கொடுமை. ஆகவே 26 வாரத்துக்கு மேல் பயணம் என்றாலே கடிதம் வாங்கிவிடச் சொல்வேன். அதில் பிரசவத் தேதி, ஒற்றையா இரட்டையா, சிக்கல் எதுவும் இல்லை, விமானத்தில் போகலாம் என்ற நான்கு விஷயமும் ஆங்கிலத்தில், டாக்டரின் கையெழுத்து, முத்திரை, தேதியோடு இருக்க வேண்டும். பயணத்துக்கு இத்தனை நாள் முன்பு எழுதியதாக இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. திரும்பும் விமானத்துக்கும் அது செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி காப்பீடு. இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தத் தாள் விசா வாங்கித் தரும். ஆனால் கர்ப்பம் தொடர்பான செலவை அது தரும் என்று நினைத்துவிடக் கூடாது. பல பாலிசிகளில் ‘கர்ப்பமும் பிரசவமும் விலக்கு’ என்று உள்ளே எங்கோ ஒரு வரி இருக்கும். கர்ப்பச் சிக்கலுக்குத் தருவோம் என்கிற பாலிசியிலும் எந்த வாரம் வரை என்று ஒரு எல்லை இருக்கும். விற்பவரிடம் இரண்டு கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். திடீர் இரத்தப்போக்கு, முன்கூட்டிய வலி போன்றவற்றுக்கு எந்த வாரம் வரை பணம் தருவீர்கள்? குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் செலவு இதே பாலிசியில் அடங்குமா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிறந்த அந்த நொடியிலிருந்து குழந்தை தனி ஆள். பாலிசியில் அதன் பெயர் கிடையாது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்க நேர்ந்தால் 30,000 யூரோ எந்த மூலைக்கும் காணாது. கூடுதல் பணம் கட்டியாவது பெரிய தொகைக்கு, பிறக்கும் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசியை எடுங்கள். மற்ற செலவு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம்.

நீண்ட விமானப் பயணத்தில் உண்மையான அபாயம் காலில் இரத்தம் உறைவது. கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால் ஆபத்து கூடும். நடைபாதையோர இருக்கை, ஒன்றரை இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு நடை, உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குவது, அடிக்கடி தண்ணீர். இதோடு அழுத்தக் காலுறை. 15–20 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளதை, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டும். காலையில் கால் வீங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல இறுகினால் பயனுக்குப் பதில் கெடுதல். அவ்வப்போது இழுத்துவிட வேண்டும். இருக்கைப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடைமேல் படிய இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க ஊசி தேவையா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது கூடாது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஆரோக்கியமான கர்ப்பத்துக்கு அது தாங்கும். மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2,500 வரை. இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொண்டால் சுவிட்சர்லாந்தில் எங்கே போகலாம், எங்கே வேண்டாம் என்பதும் தானே தெளிவாகும். யுங்ஃபிராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர். கோர்னர்கிராட் 3,089. பிரான்ஸின் எகுய் து மிதி சிகரம் 3,842; அதன் கேபிள் கார் 1,035 மீட்டரில் இருக்கும் ஷாமொனியிலிருந்து சுமார் இருபது நிமிடத்தில் மேலே கொண்டுபோய் நிறுத்திவிடும். உடம்பு பழக நேரமே கிடைக்காது. மூச்சிரைப்பும் தலைசுற்றலும் வந்தால் மேலே பார்க்கப் போன பனியை ரசிக்கவும் முடியாது. கைக்குழந்தைக்கு இன்னும் மோசம். காது அடைத்து வலிப்பதை அதனால் அழுகையில் மட்டுமே சொல்ல முடியும்.

அதற்குப் பதில் ரிகி மலைக்குப் போகச் சொல்வேன். லூசெர்ன் 435 மீட்டரில் இருக்கிறது. அங்கே படித்துறையில் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவு. கரையிறங்கி நாலடி வைத்தால் பல்சக்கர ரயில். 1871இல் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்வரிசையைக் கடித்துக் கடித்து ஏறுவதால் வண்டி மெதுவாகத்தான் போகும். காதுக்கு அது நல்லது. உச்சி நிலையத்தின் உயரம் 1,800 மீட்டரை எட்டாது. ஏரி ஒரு பக்கம், பனி மூடிய ஆல்ப்ஸ் வரிசை மறுபக்கம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் ஸ்ட்ரோலரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்றுபோல் ஒத்துவரும் இடம். கீழேயே இருக்க விரும்பினால் லவுட்டர்புருன்னென் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஊர் ஏறத்தாழ 800 மீட்டரில். தெருவில் நின்றபடியே 297 மீட்டர் உயரத்து ஷ்டவ்பாஹ் அருவியைப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் பயப்பட வேண்டிய கிருமி லிஸ்டீரியா, அடுத்து டாக்ஸோபிளாஸ்மா. ஐரோப்பிய சமையலில் இரண்டும் ஒளிந்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ், உப்பிட்டு உலர்த்திய பச்சை இறைச்சி, சரியாகக் கழுவாத கீரை. பாக்கெட் சீஸில் ‘காய்ச்சாத பாலில் செய்தது’ என்று அச்சிட்டே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. பிரான்ஸில் ‘லே க்ரூ’, ஜெர்மனியில் ‘ரோமில்ஹ்’, இத்தாலியில் ‘லாத்தே க்ரூதோ’ என்று தேடுங்கள். உணவகத்தில் சீஸ் தட்டாக வரும்போது அந்தச் சீட்டு இருக்காது, கேட்டால்தான் தெரியும். கமம்பேர் த நோர்மாந்தி என்ற பெயரோடு வருவது எப்போதும் காய்ச்சாத பால்தான். கொம்தே, கிரூயேர், பார்மிஜானோ போன்ற கெட்டிச் சீஸ்கள் காய்ச்சாத பாலில் செய்தவையானாலும் பிரச்சினையில்லை. அவற்றில் ஈரம் குறைவு, பல மாதம் முதிர்ந்தவை. ப்ரோஷூட்டோ, ஹமோன் எல்லாம் பச்சையாக உலர்த்திய பன்றி இறைச்சி. பீட்சாவோடு சேர்த்து வேகவைத்தால் சாப்பிடலாம், மேலே தூவித் தந்தால் வேண்டாம். திரமிசு என்ற இத்தாலிய இனிப்பில் பச்சை முட்டை இருக்கும். சிசிலியில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும் வாள்மீனில் பாதரசம் அதிகம். லிஸ்டீரியாவில் இன்னொரு சங்கடம், அறிகுறி தெரிய எழுபது நாள்வரை ஆகலாம். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தாலும் அங்கே என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆபத்து என்றால் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, சுவிட்சர்லாந்திலும் பிரிட்டனிலும்கூட இந்த எண் வேலை செய்யும், காசு கிடையாது. இரத்தப்போக்கு, நீர் கசிவு, 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வரும் வலி, கடுமையான தலைவலியோடு கண்ணில் மின்னல் அடிப்பது, ஒரு கால் மட்டும் வீங்குவது, பிள்ளையின் அசைவு குறைவது. இவற்றில் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிரசவப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஜெர்மனியில் பலகையில் ‘கிரைஸ்ஸால்’, பிரான்ஸில் ‘மாதெர்னிதே’ என்று இருக்கும். தங்கும் ஊரில் அது எங்கே என்பதை முதல் நாளே வரைபடத்தில் குறித்து வைப்பது கணவரின் வேலை. கையில் இருக்க வேண்டிய தாள்கள்: இரத்த வகை, ஆர்.எச். பிரிவு, கடைசி ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகள், மருந்துகளின் வேதிப் பெயரும் அளவும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அந்த ஊர் மருந்துக்கடைக்காரருக்கு அது புரியாது.

அங்கேயே பிறந்துவிட்டால்? பிறப்பைப் பதிவு செய்யக் கெடு உண்டு. பிரான்ஸில் ஐந்து நாள், ஜெர்மனியில் ஒரு வாரம், இத்தாலியில் நகராட்சியில் பத்து நாள் (மருத்துவமனையிலேயே என்றால் மூன்று நாள்), இங்கிலாந்தில் 42 நாள். சுற்றுலா வந்தவர்களின் பிள்ளைக்கு இந்த நாடுகளில் குடியுரிமை கிடைக்காது. ஆகவே பிறப்புச் சான்றிதழ் வாங்கி, உங்கள் நாட்டுத் தூதரகத்தில் குழந்தைக்குப் பயண ஆவணம் பெற்ற பிறகே விமானம் ஏற முடியும். திருமணச் சான்றிதழின் பிரதியைப் பெட்டியில் வைத்திருந்தால் அப்போது பல நாள் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது, பிள்ளை கைக்கு வந்த பிறகான பயணம். பிறந்து ஒன்றிரண்டு வாரத்திலேயே ஏற்றிக்கொள்ளும் விமான நிறுவனங்கள் உண்டு. அதற்காகக் கிளம்பிவிட வேண்டியதில்லை. முதல் சுற்றுத் தடுப்பூசி முடிந்து, தாயின் உடம்பும் தேறட்டும். ஆறு மாதம் ஆன பிள்ளையென்றால் அம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே போடலாமா என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் நான்கு முதல் எட்டு மாதம் வரையான காலம்தான் மிகச் சுகம். தலை நின்றிருக்கும், ஆனால் தவழ்ந்து ஓடாது.

கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விசா வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு வயதுக்குள் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. பன்னிரண்டு வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை. விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். லண்டனையும் சேர்க்க நினைத்தால் அது ஷெங்கனில் இல்லை. அதற்கு வேறு விசா. கடவுச்சீட்டுப் படம்தான் பெரும்பாடு. வெள்ளைத் துணியை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும். வேறு யார் கையும், பொம்மையும் தெரியக் கூடாது. நிழல் விழுந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விமானத்தில் இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நிறுவனங்களில் உங்கள் பட்டையோடு கோத்துக்கொள்ளும் சின்னப் பட்டை தருவார்கள். அது பிள்ளையின் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். நீண்ட பயணத்தில் முன்சுவரை ஒட்டிய இருக்கையும் அதில் மாட்டும் தொட்டிலும் கேட்டு வாங்குங்கள். எடை வரம்பு பல நிறுவனங்களில் 10 கிலோவை ஒட்டி இருக்கும். விமானம் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும் என்பதால் தொட்டிலை நம்பி முழுத் தூக்கம் எதிர்பார்க்காதீர்கள். காதுவலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். இறக்கம் தரைதொடுவதற்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுவதால் அப்போதே பால் கொடுக்க வேண்டும். உறிஞ்சி விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள குழல் திறந்துகொள்ளும்.

தாய்ப்பால் என்றால் பாதிச் சுமை குறைந்தது. ஃபார்முலா பால் என்றால் மாவின் பெயரைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் பிறந்ததிலிருந்து கொடுக்கும் மாவுக்கு ‘ப்ரே’ என்று பெயர். ‘2’ என்று போட்டது ஆறு மாதத்துக்கு மேல். பிள்ளைக்குப் பழகிய மாவையே முழுப் பயணத்துக்கும் எடுத்துப்போவது என் பரிந்துரை. புது ஊரில் புது மாவு வயிற்றைக் கட்டும் அல்லது இளக்கும். மாவு கிருமி நீக்கியதில்லை என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. இங்கேதான் ஹோட்டல் இடிக்கும். இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் ஹோட்டல் அறைகள் பலவற்றில் கெட்டில் இருக்காது. சிறிய கெட்டிலும் பிளக் மாற்றியும் கொண்டுபோங்கள். மின்னழுத்தம் எங்கும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் சுவிட்சர்லாந்தில் ஒரு மாதிரி, பிரிட்டனில் வேறு மாதிரி. பாட்டில் தண்ணீர் வாங்கினால் உப்பு அதிகமுள்ள கனிம நீரைத் தவிர்த்து, குழந்தை உணவு தயாரிக்க ஏற்றது என்று சீட்டில் எழுதியதை எடுங்கள். அதையும் கொதிக்கவைத்தே பயன்படுத்த வேண்டும். விமான நிலையப் பரிசோதனையில் 100 மி.லி. வரம்பு குழந்தையின் பாலுக்குப் பொருந்தாது. பையின் அடியில் புதைக்காமல் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்தவர்கள் திண்டாடுவார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் அன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ளவைதான் திறந்திருக்கும். டயப்பர் சனிக்கிழமை மாலைக்குள் கையில் இருக்க வேண்டும். அளவு கிலோவில்தான் போட்டிருக்கும்: 2ஆம் எண் 4–8 கிலோ, 3ஆம் எண் 6–10 கிலோ. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இருக்கும் டி.எம். என்ற சங்கிலிக் கடைகளில் டயப்பர் மாற்ற மேசையும் அதன்மேல் இலவச டயப்பர்களும் வைத்திருப்பார்கள். ஊர் சுற்றும்போது எனக்கு இதைவிடப் பெரிய நிம்மதி தெரியாது. காய்ச்சல் மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். ஜெர்மனியில் பாராசிட்டமால் மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும்.

ஸ்ட்ரோலரா, நெஞ்சில் கட்டும் பையா என்று கேட்டால் இரண்டும் வேண்டும். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகள். சக்கரம் அங்கே பாரம்தான். லிஸ்பனின் கல்பாவிய சரிவுகளும் அப்படியே. வியன்னாவில் மெட்ரோ நிலையம் எல்லாவற்றிலும் படியில்லாமல் இறங்கலாம். பாரிஸ் மெட்ரோவில் 14ஆம் வழித்தடம் முழுக்க லிஃப்ட் உண்டு. பழைய தடங்களை மறந்துவிட்டு பஸ்ஸில் போங்கள், தரை தாழ்ந்த பஸ்கள், ஸ்ட்ரோலரை அப்படியே உருட்டி ஏற்றலாம். போர்ச்சுகலில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் வரிசையில் முன்னுரிமை சட்டப்படியே உண்டு. தயங்காமல் முன்னால் போகலாம்.

ஊர் விட்டு ஊர் போக ரயில்தான் நல்லது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஆறு வயதுக்குள் டிக்கெட் இல்லை. ஜெர்மனியின் ஐ.சி.இ. என்ற அதிவேக ரயில்களில் கைக்குழந்தைக்காரர்களுக்கென்றே கதவு மூடிய தனி அறை உண்டு. ‘க்ளைன்கிண்ட்அப்டைல்’ என்று தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். ஸ்ட்ரோலர் நிறுத்த இடம், பால் கொடுக்க மறைவு, அழுதாலும் முறைக்க ஆளில்லை. கார் எடுத்தால் ஆர்129 என்ற பாதுகாப்புத் தரத்துக் குழந்தை இருக்கையில் பிள்ளை குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கியே உட்கார வேண்டும். முன்னிருக்கையில் பின்னோக்கி வைக்கும்போது அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தாலியில் நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளையைக் காரில் மறந்து விட்டுவிடாமல் எச்சரிக்கும் கருவியும் கட்டாயம். வாடகைக் கார் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

ஒரு ஊரில் நான்கு இரவுக்குக் குறைந்து தங்காதீர்கள். அங்கிருந்து ஒருநாள் போய் வரும் தூரத்தில் பார்ப்பதைப் பாருங்கள். புக் செய்யும்போது மூன்று கேள்வி: லிஃப்ட் உண்டா, மடக்கிய ஸ்ட்ரோலர் அதில் நுழையுமா, ஏ.சி. உண்டா. ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளில் மாடிப்படி ஏணியைப்போல் செங்குத்தாக இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு ஏறவும் கூடாது, கைப்பிள்ளையோடு இறங்கவும் கூடாது. தொட்டில் தருவோம் என்றால் மெத்தை தட்டையாகவும் விளிம்போடு இடைவெளியில்லாமலும் இருக்கிறதா என்று பார்த்து, தலையணையை எடுத்துவிடுங்கள். ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஸ்பெயின், பிரான்ஸ் வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே இறக்கும் தடுப்பு உண்டு, அறை இருட்டாகிவிடும். நெதர்லாந்தில் பல இடங்களில் மெல்லிய திரைதான். கறுப்புத் துணி இரண்டு மீட்டரும் துணிக் கிளிப் ஒரு டஜனும் பெட்டியில் இருந்தால் எந்த ஊரிலும் ஏழரைக்கே இரவு வந்துவிடும்.